பெண்ணைக் கொடுத்து வாங்கிய பாய்

இயேசு மரி சூசை துணை

பொம்மிடி,
மார்ச் 4

அன்பு மகள் எழிலரசிக்கு, அம்மா ஆரோக்கியம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. எழில் என்று போடுவதா, சிஸ்டர் எழிலரசி என்று போடுவதா என்று உன் தங்கை ஷைனி பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்கிறாள். ஊருக்குத்தான் நீ சிஸ்டர், பெற்றவளுக்கு எழில்தான், அப்படியே போடு என்று சொல்லிவிட்டேன். ஆண்டவர் கிருபையால் இங்கே நான், அப்பா, ஷைனி, சினையாக இருக்கிற செவலைப் பசு உள்பட யாவரும் நலம். அங்கே நீயும், உன் கான்வென்ட்டில் இருக்கிற மற்ற இரண்டு சிஸ்டர்களும், பள்ளிக்கூடத்துக் குழந்தைகளும், அந்தத் தீவுக்காரத் தெரேசியா அம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று தவக்காலம் முழுக்க வேண்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல ஷைனி எழுதுகிறாள். நான் வூடு என்று சொன்னால் அவள் வீடு என்று எழுதுகிறாள், பத்தாம் வகுப்புப் படிக்கிற திமிர். பதினெட்டாம் தேதி சகாயமேரி சிஸ்டர் உங்கள் தீவுக்குப் புறப்படுகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் உன் முகம் பாதியில் நின்று நின்று வருகிறது. அதோடு, நான் சொல்லப்போவதைச் சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஊர் வந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். விடிகிற நேரத்தில் பொம்மிடியில் ரயில் நின்றபோது அப்பா மொபெட்டோடு வெளியே காத்திருந்தார். பெட்டியை முன்னால் வைத்தார், தெரேசியா அம்மா கொடுத்த பாய்ச் சுருளை என் மடியில் கொடுத்தார். வழி முழுக்க உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதெல்லாம் பிளேனில் சோறு போட்டார்களா என்பது ஒன்றுதான். வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு ராமக்காள் காபியோடு நின்றாள். அன்றைக்கு ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் நம் வீட்டில்தான். நீ இருக்கிற நாட்டுக்குப் பேர் கிரிபாட்டி என்று நான் சொன்னதும், அது பாப்பாரப்பட்டிக்கு அந்தாண்டையா இந்தாண்டையா என்று ஒருத்தி கேட்டாள், சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆனது. மூன்று பிளேன் மாறிப் போனதையும், ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கடல்மேல் யாரோ பச்சை நூல் ஒன்றைத் தவறவிட்டதுபோல உங்கள் நாடு கிடந்ததையும், ரோட்டில் நின்றால் இந்தக் கை பக்கமும் தண்ணீர் அந்தக் கை பக்கமும் தண்ணீர் என்பதையும் சொன்னேன். அப்படின்னா தூக்கத்துல பொரண்டு படுத்தா என்ன பண்ணுவாங்க என்று ராமக்காள் நிஜமாகவே கேட்டாள். ஃபிஜியில் அந்த அதிகாரி என் பையைப் பிரித்து உனக்கென்று கட்டிக்கொண்டு போன புளியையும் கேழ்வரகையும் முருங்கை விதையையும் எடுத்துக்கொண்டதைச் சொன்னதிலிருந்து அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அவன் வூட்டுல கொழம்பே வெக்க மாட்டாங்களா, விதையில என்ன பாவம் இருக்குது என்று தினமும் ஒருமுறை வந்து திட்டிவிட்டுப் போகிறாள்.

அப்பா கேட்கவில்லை என்றேன் அல்லவா, மூன்றாம் நாள் கேட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அங்க எத்தனை அடியில தண்ணி என்றார். இடுப்பளவு தோண்டினால் தண்ணீர் என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். நம் மேட்டுக்காட்டில் தொள்ளாயிரம் அடி போர் போட்டுப் புகைதான் வந்தது என்பது உனக்குத் தெரியும். ஆனால் அது உப்புக் கரிக்கிற தண்ணீர், குடிக்க மழைத் தண்ணீர்த் தொட்டிதான், மழை தவறினால் அவர்களும் வானத்தைத்தான் பார்க்கிறார்கள் என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள், அங்க என்ன வெள்ளாமை என்றார். நம் சேப்பங்கிழங்கு மாதிரி ஒன்று, இலை மட்டும் முறத்தைவிடப் பெரியது, அதைக் குழி தோண்டி அடியில் ஊறுகிற தண்ணீரில் நட்டு, சுற்றி ஓலைக்கூடை மாதிரி கட்டி, அதற்குள் இலைதழை போட்டுப் போட்டு மண்ணையே அவர்களாக உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்று சொன்னேன். மண்ணையேவா என்றார். அதற்கு மறுநாள், எதை வெச்சுத் தோண்டறாங்க என்று கேட்டார். தெரேசியா அம்மாவின் மண்வாரியைப் பற்றிச் சொன்னேன், காம்பு முறிந்து கயிறு சுற்றியிருந்ததே, அதை. அந்தச் சிப்பியும் சுண்ணாம்புக் கல்லுமான தரையை எழுபது வயசில் அந்த அம்மா அதை வைத்துக்கொண்டு கொத்துவதைச் சொன்னேன். இப்படிப் பத்து நாள், தினம் ஒரு கேள்வி. உன் பேர் மட்டும் வராது. கடல் ஏறுகிறது, அந்தத் தீவெல்லாம் முழுகிவிடும் என்று மூன்று வருஷம் முன்னால் டிவியில் பார்த்த நாளிலிருந்து உன்னோடு பேசாமல் இருக்கிற மனுஷன், நீ நிற்கிற தரையை மட்டும் விரல் விரலாக விசாரித்தார்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஷைனி, நிறுத்தாமல் எழுது. ஜனவரியில் நான் புறப்பட்டபோது பொம்மிடி ஸ்டேஷனில் அப்பா என்னிடம் ஒன்று சொல்லி அனுப்பினார். ஆகஸ்ட் பதினஞ்சுல அது காலம் பூரா சிஸ்டராவே இருக்கறேன்னு நித்திய வார்த்தைப்பாடு குடுத்துட்டா அப்புறம் பேச்சே இல்ல, அதுக்கு முன்னால கூட்டிக்கிட்டு வந்துரு. சாமியாரம்மாவாவே இருக்கட்டும், சேலத்துல கான்வென்ட் இல்லையா, ஏற்காட்டுல இல்லையா, அங்க இருக்கட்டும். நீ ஒண்ணும் அதுகிட்ட வாதாட வேண்டாம், அப்பா கூப்பிட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லு, அது வரும். இவ்வளவுதான் அவர் சொன்னது. நான் சரிங்க என்று தலையாட்டிவிட்டு ஏறினேன். எழில், இருபத்தைந்து நாள் உன்னோடு ஒரே அறையில் படுத்திருந்தேன், அந்த ஒரு வார்த்தையை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. மறந்துபோய் இல்லை. தினமும் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நீ வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை.

முதல் வாரம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அமாவாசைக்கு மறுநாள் மதியம் கடல் பொங்கி உன் பள்ளிக்கூட முற்றத்துக்குள் வந்ததே, அன்றைக்கு நான் படிமேல் ஏறி நின்றுகொண்டேன். அப்பா சொன்னது சரிதான், இன்றைக்கே சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். அப்போது நீ பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தோளில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒரு குழந்தையோடு தண்ணீரில் நடந்து வந்தாய். பின்னால் மற்றப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வாய்ப்பாடு பாடிக்கொண்டே வந்தார்கள். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். நம் வீட்டில் பதினெட்டு வருஷம் நீ வளர்ந்தாய், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒரு மூலையில் புத்தகத்தோடு உட்காருவாய், யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாய். நீ அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஊர் மண்டபத்தில் விருந்து என்று என்னை அழைத்துக்கொண்டு போனாய். மனேயபா என்கிறார்களே, சுவரே இல்லாமல் கூரை மட்டும் தரைவரை இறங்கியிருக்கிற அந்தப் பெரிய மண்டபம். விருந்தாளிக்கு நடுவில் இடம் போட்டிருக்கிறது என்று நீ சொல்லிவிட்டு யாரையோ பார்க்கப் போனாய். நம் ஊரில் சபை என்றால் ஆம்பளைகள் நடுவில், நாம் ஓரமாகத்தானே உட்காருவோம். எனக்கு வேறு இடுப்பு வலி. யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒரு தூண் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த மண்டபத்தில் ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு குடும்பத்துக்குச் சொந்தம், தாத்தன் பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் அங்கேதான் உட்காருவார்கள், அடுத்தவர் உட்காரக் கூடாது என்பது எனக்கு எப்படித் தெரியும். மண்டபமே என்னைப் பார்த்துச் சிரித்தது. நீ ஓடி வந்தாய். அதற்குள் தெரேசியா அம்மா வந்து என் கையைப் பிடித்து, எழுந்திருக்க வேண்டாம் என்று அழுத்தி உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் இடத்தில் உட்கார்ந்தவள் இனிமேல் எங்கள் வீட்டுக்காரி என்று அவர் சொன்னதாக நீ சொன்னாய். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மீனும் கிழங்கும் பரிமாறினார்கள், தின்றேன்.

சாப்பிட்டு முடிந்ததும் அந்த அம்மா என்னைப் பார்த்து நிதானமாக ஏதோ பேசினார். என்ன சொல்றாங்க என்று உன்னைக் கேட்டேன். இங்க ஒரு வழக்கம் இருக்குதும்மா, சொந்தக்காரங்க வாய்விட்டு ஒண்ணைக் கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாது, அதுக்கு புபுசின்னு பேரு, இப்ப நீங்க சொந்தமாயிட்டீங்க, அதனால அவங்க ஒண்ணு கேக்கறாங்க என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாய். சேலையைக் கேட்கிறார்களோ, கழுத்துச் சங்கிலியைக் கேட்கிறார்களோ என்று நினைத்தேன். என்ன கேக்கறாங்க கண்ணு என்றேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, என்னைக் கேக்கறாங்கம்மா என்றாய்.

சரி, குடுத்துட்டேன்னு சொல்லு என்றேன். அதை நீ அவர்கள் பேச்சில் சொல்வதற்குள் உன் குரல் இரண்டு முறை உடைந்தது. அம்மா பெரிய மனசு என்று நீ அன்றைக்கு முழுக்க என்னைக் கட்டிக்கொண்டிருந்தாய். பெரிய மனசெல்லாம் இல்லை, எழில். பையில் அப்பாவின் வார்த்தையை வைத்துக்கொண்டு, அது தெரியாத பிள்ளையைத் தானம் கொடுத்துவிட்டு வந்தவள் நான். உனக்கும் துரோகம், அவருக்கும் துரோகம். நீ ஆகஸ்டில் வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன்னால் அப்பா உன்னைக் கூப்பிட்டார் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பிறகு நீ எடுக்கிற முடிவுதான் முடிவு. வந்தாலும் நீ என் மகள், இருந்தாலும் நீ என் மகள்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியார், முதலில் வீட்டில் போய்ச் சொல்லுங்கம்மா என்றார். போன திங்கட்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமை, அவர் சாப்பிட்டுக் கை கழுவியதும் எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபம், தூண், அந்த அம்மா கேட்டது, நான் கொடுத்தது, அவர் வார்த்தையை நான் ஒளித்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பீரோ பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த, அந்த அம்மா கொடுத்த பாயைப் பார்த்து, பொண்ணைக் குடுத்துட்டுப் பாய் வாங்கிக்கிட்டு வந்தியா என்றார். பெத்தது நீ மட்டுமா, என்னை ஒரு வார்த்தை கேட்டியா என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றோடு ஒன்பது நாள், என்னோடு பேச்சில்லை. சாப்பிடுகிறார், காட்டுக்குப் போகிறார், வருகிறார். மாமரம் இந்த வருஷம் நன்றாகப் பூத்துப் பிஞ்சும் பிடித்திருக்கிறது, அதைக்கூட ஷைனியிடம்தான் சொல்கிறார். போதாக்குறைக்குப் போன சனிக்கிழமை புது மண்வெட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறார், காம்புகூடப் போடாமல் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறார். பழையது நன்றாகத்தான் இருக்கிறது. எதற்கு என்று கேட்கலாம் என்றால் என் கேள்விக்குத்தான் பதில் இல்லையே.

அக்கா, இது நான், ஷைனி. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போயிருக்கிறாள். அவள் கண்ணாடி போட்டுத் திரும்பப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாத சிலது எனக்குத் தெரியும். அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னதற்கு மறுநாள் அப்பா என்னுடைய புவியியல் அட்லஸைக் கேட்டார். பசிபிக் பக்கத்தைக் காட்டினேன். உங்கள் தீவு கடுகைவிடச் சிறிய புள்ளி, அதைப் பார்த்ததும் அப்பா தன் பெருவிரலை அதன் பக்கத்தில் வைத்தார், பிறகு புள்ளி மறைந்துவிடும் என்று விரலை எடுத்துக்கொண்டார். நம் ஊர் எங்கே என்று கேட்டு, இரண்டுக்கும் நடுவில் சாண் வைத்து அளந்தார். அட்லஸை இன்னும் திருப்பித் தரவில்லை, வரைபடக் கேள்விக்குப் பரீட்சையில் என்ன செய்வேனோ தெரியவில்லை. அந்த மண்டபத்தில் ஆம்பளைங்க எப்படி உட்காருவாங்க என்று கேட்டார். சம்மணம் போட்டுத்தான், காலை நீட்டக் கூடாதாம் என்று அம்மா சொன்னதைச் சொன்னேன். அப்பாவுக்கு முட்டி வலி என்று உனக்குத் தெரியும். ஆனால் இப்போதெல்லாம் நாற்காலியில் உட்காராமல் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். நேற்று அம்மா ராமக்காள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் பாயைப் பிரித்து, ஓரத்துப் பின்னலைத் தடவிப் பார்த்து, தாழை மடல்தான், ஆனா நம்ம ஆளுங்க இவ்வளவு நெருக்கமா பின்ன மாட்டாங்க என்றார். அப்புறம் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எவ்வளவு நேரம்டி ஆச்சு என்று என்னிடம் கடிகாரம் பார்க்கச் சொன்னார். இருபது நிமிஷம் தாங்கினார். இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அம்மா வருகிறாள்.

எழில், விட்ட இடத்தில் தொடங்குகிறேன். பசு நிற்க முடியாமல் தவிக்கிறது, இந்த வாரத்தில் ஈன்றுவிடும். சித்தப்பா மகன் அந்தோணி பிரகாஷுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள், ஈஸ்டர் கழித்து நிச்சயம் வைப்பார்கள். பெண் ஏரியூர்ப் பக்கம், நர்ஸ் வேலை. நீ உடம்பைப் பார்த்துக்கொள். மழைத் தொட்டித் தண்ணீரானாலும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், குழந்தைகளுக்கும் அப்படியே கொடு. செருப்பில்லாமல் அந்தப் பாறைமேல் நடக்காதே, உன் குதிகாலில் இருந்த வெட்டை நீ மறைத்தாலும் நான் பார்த்தேன். மற்றவர்களுக்குப் பரிமாறிவிட்டு நீ கடைசியில் சட்டியை வழித்துத் தின்கிற பழக்கத்தை விட்டுவிடு, அது என்னிடமிருந்து வந்த கெட்ட பழக்கம். நீங்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் இங்கே விடிகிற நேரம், ஐந்தரை மணி. அப்போது எழுந்ததும் உனக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டுத்தான் அடுப்புப் பற்ற வைக்கிறேன். அந்த நேரத்தில் நீயும் என்னை நினைத்துக்கொள். அப்பாவுக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள், அவர் மனசு ஆற வேண்டும். தெரேசியா அம்மாவிடம் நான் நலம் கேட்டதாகச் சொல்.

உன் தலைமேல் கை வைத்து, நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். நான் மறைத்ததை மன்னித்துவிடு. யோசித்து முடிவெடு, யாருக்காகவும் பயந்து எடுக்காதே. சகாயமேரி சிஸ்டரிடம் மாங்காய் வடுவும் கொடுத்தனுப்புகிறேன், ஃபிஜிக்காரன் விட்டால் உன் அதிர்ஷ்டம்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆரோக்கியம்மாள்

அக்கா, கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது அப்பா காட்டிலிருந்து வந்து, யாருக்குடி என்றார். உனக்கு என்றேன். கையை நீட்டினார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா எழுத்துக் கூட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், நான் எழுதியதையும் சேர்த்து, நின்றபடியே படித்தார். வெகுநேரம் ஆனது. பிறகு பாயை எடுத்துவரச் சொன்னார், அதில் உட்கார்ந்தார், பேனாவைக் கேட்டார். இனி வருவது அப்பாவின் கையெழுத்து.

எழிலு, அப்பா எழுதுகிறேன். பாசுபோட்டுக்கு எழுதிப் போட்டாச்சு, போட்டோவும் பிடிச்சாச்சு, ஷைனி உன்னிடம் சொல்லவில்லை, நல்ல பிள்ளை. ஆகஸ்டு பதினைந்துக்கு நான் வருகிறேன். உன் அம்மா அவங்க கிட்ட பாயை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு வந்துவிட்டாள், அது நமக்கு மரியாதை இல்லை. அந்த அம்மாவுக்கு ஒரு மண்வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். புதுசு, மண் ஒட்டவில்லை, ஏர்போர்ட்டில் பிடுங்க மாட்டான். காம்புக்கு அங்கே நல்ல கட்டை கிடைக்குமா பார்த்து வை, நானே போட்டுக் கொடுக்கிறேன். உன் அம்மா உட்கார்ந்த தூண் பக்கத்தில்தான் நானும் உட்காருவேன். அப்போது நானும் அவங்களுக்குச் சொந்தம்தானே. நானும் ஒன்று கேட்பேன். உன்னைத் திருப்பிக் கேட்க மாட்டேன், பயப்படாதே. மாம்பழக் காலத்தில் ஒரு மாசம் உன்னை நம்ம வூட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்லிக் கேட்பேன். கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாதாமே. அதை நீதான் அவங்க பேச்சில் எடுத்துச் சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது.

சின்னப்பன்